கரண்ட் எங்கே போகிறது? மீட்டரின் சிவப்பு விளக்கு சொல்லும் கணக்கு

கரண்ட் பில் திடீரென்று இரண்டு மடங்காக வந்துவிட்டால் வீட்டில் உடனே விசாரணை தொடங்கிவிடும். ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்தது யார், பாத்ரூம் லைட்டை அணைக்காமல் வந்தது யார், ராத்திரி இரண்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று ஆளாளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். இந்த விசாரணையில் உண்மையான குற்றவாளி சிக்குவது அபூர்வம். நாம் சந்தேகப்படுவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற, நாமே போட்டு நாமே அணைக்கிற பொருள்களை. மாதம் இருநூறு, முந்நூறு யூனிட் கூடியிருக்கிறது என்றால், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பத்து வாட் பொருள் நூறு மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியில் தினமும் அரை மணி நேரம் துணி தேய்த்தாலும் மாதத்துக்கு 15 யூனிட்கூட ஆகாது. நடுநடுவே தெர்மோஸ்டாட் அதை அணைத்துவிடும். ஆனால் யார் கண்ணிலும் படாமல் 100 வாட் இழுக்கிற ஒரு பொருள் இரவு பகலாக ஓடினால் நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72. ஒரே ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினாலே 8.76 யூனிட். பில்லை ஏற்றுவதில் வாட்டைவிட மணிக்குத்தான் கை அதிகம்.

தேடலில் இறங்குமுன் பில்லையே ஒரு முறை சந்தேகப்பட்டுவிட வேண்டும். போன பில் எத்தனை நாளுக்கு, இந்தப் பில் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். ரீடிங் எடுக்க ஆள் ஒரு வாரம் தாமதமாக வந்திருந்தால் அந்த வாரமும் இதில்தான் சேர்ந்திருக்கும். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுகிற இடங்களில் ஒரு வாரத்துக் கூடுதலே வேறு படிக்குத் தள்ளிவிட்டு, தொகையைப் பூதாகரமாகக் காட்டும். ஆகவே தொகையை ஒப்பிடாதீர்கள். யூனிட்டை நாள் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். அதையும் போன மாதத்தோடு அல்லாமல் போன வருடம் இதே பருவத்தோடு ஒப்பிடுவது நல்லது. முந்தைய பில் உத்தேசமாகப் போடப்பட்டிருந்தால், அப்போது விட்டுப்போனதெல்லாம் இப்போது மொத்தமாக வந்திருக்கும். அப்புறம், மீட்டரில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் அச்சான எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இருபது மீட்டர்கள் ஒரே பலகையில் இருக்கிற அடுக்குமாடிகளில் அடுத்த வீட்டு மீட்டர் நம் பேரில் இருப்பது அப்படியொன்றும் நடக்காத காரியமில்லை. வீட்டு மெயினை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, எந்த மீட்டர் அடங்குகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பில் சரி, மீட்டரும் நம்முடையதுதான் என்று ஆன பிறகு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். மின்னணு மீட்டர்களில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் சிறு சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் 3200, 1600, 1000 என்று ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதுதான் அந்த எண். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் (ஒரு வாட் ஒரு விநாடி ஓடினால் ஒரு ஜூல்) என்பதால், 3200 மீட்டரில் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்தக் கணத்தில் மொத்த வீடும் இழுக்கிற வாட் கிடைத்துவிடும். 1600 மீட்டருக்கு 2250, 1000 மீட்டருக்கு 3600 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் தட்டு உள்ள பழைய மீட்டரிலும் இதே கணக்குதான். தட்டின் விளிம்பில் உள்ள அடையாளம் ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் என்று பார்த்து, ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று பலகையில் எழுதியிருப்பதைக் கொண்டு வகுக்க வேண்டும். காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

நானும் அப்படித்தான் ஒரு குளிர்கால ராத்திரி டார்ச்சோடு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மாதம் 220 யூனிட் அளவில் ஓடிக்கொண்டிருந்த வீடு 500-ஐத் தாண்டியிருந்தது. எல்லாரும் படுத்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுகிறது. விளக்கு ஏழரை விநாடிக்கு ஒரு தரம் சிமிட்டியது. 1125-ஐ ஏழரையால் வகுத்தால் 150 வாட். ஃப்ரிட்ஜுக்குப் பாதிக்கு மேல், மற்றது ரூட்டர், டி.வி. பெட்டி என்று எடுத்துக்கொண்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி, வீட்டில் தப்பு எதுவும் இல்லை, மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். போகிற போக்கில் ரீடிங்கை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். அதுதான் காப்பாற்றியது.

எட்டு மணி நேரம் கழித்துக் காலையில் பார்த்தால் 4.6 யூனிட் ஓடியிருந்தது. 150 வாட் எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட்தான் வர வேண்டும். மிச்சம் 3.4 யூனிட் எங்கே? இந்த முரண்பாட்டிலேயே பாதி விடை இருக்கிறது. சிமிட்டலை எண்ணுவது புகைப்படம் எடுப்பது மாதிரி; அந்தக் கணத்தில் ஓடுவதை மட்டும்தான் காட்டும். ரீடிங் வித்தியாசம் இரவு முழுக்க நடந்ததைக் கூட்டிக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் திருடன் நிற்காமல் ஓடுகிறவன். ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிட்டு ஓடுகிறவன். நாம் பார்க்கப் போகும்போது ஓய்வில் இருந்திருக்கிறான். அப்படி விட்டுவிட்டு ஓடி, சத்தமும் போடாமல், ஓடும்போது கிலோவாட் கணக்கில் இழுப்பவை வீட்டில் அதிகம் கிடையாது. தண்ணீர் ஹீட்டர், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் மோட்டார், அறையையோ தரையையோ சூடாக்கும் கம்பிச் சுருள்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பிரேக்கர் பலகை, அதாவது வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்சுகள் இருக்கும் பலகை. அதன் மூடியைக் கழற்ற வேண்டாம், வெளியே தெரிகிற நெம்பை மட்டும் தொட்டால் போதும். கம்ப்யூட்டரை முதலில் முறையாக அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி, ஒவ்வொரு முறையும் சிமிட்டும் இடைவெளி எவ்வளவு நீள்கிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். இப்படிச் சுமை எந்தக் கணத்தில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை மீட்டரில் மட்டும் பார்த்தே எந்தப் பொருள் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் ஒரு முறையையே உருவாக்கினார். இன்று சில ஸ்மார்ட் மானிட்டர்கள் செய்வது அதன் தொடர்ச்சிதான். (அதே ஹார்ட் பின்னாளில் கணித வடிவங்களில் சிற்பம் செய்யப் போய்விட்டார், அது வேறு கதை.) நம் கையில் இருப்பது ஸ்டாப்வாட்சும் பிரேக்கரும் மட்டும் என்றாலும் தர்க்கம் ஒன்றுதான்.

எல்லாப் பிரேக்கரையும் இறக்கி மெயினையும் அணைத்த பிறகும் பத்து நிமிடத்துக்குள் விளக்கு சிமிட்டுகிறதா? மீட்டர் தனக்குத் தேவையான மின்சாரத்தை நம் கணக்கில் எழுதுவதில்லை. அப்படியானால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் எங்கோ ஒரு வயர் பிரிந்து போகிறது. மாடிப்படி லைட்டோ, பொதுத் தண்ணீர் மோட்டாரோ, சில சமயம் பக்கத்து வீடோ. இல்லையென்றால் மீட்டரிலேயே கோளாறு. இரண்டுமே நாம் கை வைக்கிற வேலை இல்லை. மெயினை அணைத்ததும் அடங்கிவிட்டது என்றால் பிரச்சினை வீட்டுக்குள்தான்.

எங்கள் விஷயத்தில் பிரேக்கரை இறக்கிப் பார்ப்பதால் உடனே பலன் இல்லை. திருடன்தான் விட்டுவிட்டு ஓடுகிறவனாயிற்றே. அதனால் மறுநாள் இரவு ஹீட்டர் பிரேக்கரை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் 1.1 யூனிட். ஆள் அகப்பட்டான். ஆனால் ஹீட்டர் ஏன் இரவெல்லாம் எரிய வேண்டும்? குளிர்காலம் என்று சுவிட்சை அணைக்காமல் விட ஆரம்பித்திருந்தோம், உண்மைதான். இருந்தாலும் மூடிய டேங்க்கில் சூடான தண்ணீர் சும்மா நின்றால், சுவர் வழியாக வெளியேறுகிற சூட்டை ஈடுகட்ட இரவுக்கு அரை யூனிட் போதும். மீதி 3 யூனிட் என்பது 1 கோடியே 8 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4186 ஜூல். 40 டிகிரி ஏற்ற 1,67,000 சொச்சம். வகுத்துப் பார்த்தால் இரவில் சுமார் 65 லிட்டர் வெந்நீர் எங்கோ போயிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு டம்ளர்கூட இல்லை, ஆனால் நிற்காமல்.

குழாய் ஒன்றும் சொட்டவில்லை. சுவரில் ஈரம் இல்லை. தண்ணீர் மீட்டர் முகப்பில் இருக்கிற குட்டிச் சக்கரம் மட்டும், எல்லாக் குழாயையும் மூடிய பிறகும், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹீட்டரிலிருந்து வெந்நீர் வெளியேறும் வால்வை மூடினால் அதுவும் நின்றது. அப்புறம் வெறுங்காலோடு பாத்ரூமிலிருந்து சமையலறை வரை அடி அடியாக நடந்து பார்த்தோம். நடையில் ஒரே ஒரு டைல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் குளிரிலும் பூனை ஏன் வாரக்கணக்காக அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு படுத்திருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பிளம்பர் உடைத்துப் பார்த்தபோது குழாய் வளையும் எல்போ இணைப்பில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. வெந்நீர் தரைக்கு அடியிலேயே மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 3.4 என்றால் நாளைக்குப் பத்து; மாதம் 300 யூனிட் கணக்கு அதோடு நேரானது.

இதில் எனக்குப் பிடிபட்டது, மின்சாரம் வீணாவதற்கு மின்சாரமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பது. மோட்டார் கதையும் இப்படித்தான். மேல்தொட்டி நிறைந்ததும் தானே நின்று, குறைந்ததும் தானே ஓடுகிற ஏற்பாடு உள்ள வீட்டில், குழாயில் இருக்கும் தடுப்பு வால்வு தேய்ந்துவிட்டால் ஏற்றிய தண்ணீர் வந்த வழியே இறங்கிவிடும். மோட்டார் மறுபடி ஏற்றும், மறுபடி இறங்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும் என்பதால் ராத்திரியில் நாலு தரம் அரை மணி நேரம் ஓடினாலே இரண்டு யூனிட் போச்சு. எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். அவர் சொல்வது சரிதான், மோட்டாரில் குறையில்லையே.

ஃப்ரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வருடம் முழுக்க ஓடும் பெரிய பொருள் அது ஒன்றுதான், பழுதானாலும் குளிர்ச்சியைக் கொடுத்துக்கொண்டே பழுதாக இருக்கும். நல்ல நிலையில் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். நாளைக்கு ஒரு யூனிட் பக்கம் ஆகும். அதே கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் 130 வாட்டில் ஓடினால் மூன்று யூனிட்டைத் தாண்டும். காரணம் பல இருக்கலாம். கதவு ரப்பர் இறுகாமல் வெளிக்காற்று உள்ளே போகலாம். கதவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. பின்னால் சூட்டை வெளியேற்றும் பகுதி சுவரோடு ஒட்டிக்கொண்டோ, தூசி அப்பிக்கொண்டோ இருக்கலாம். ஃப்ரீசரின் உட்புறத் தகட்டுக்குப் பின்னால் பனி கட்டியாக இறுகி, குளிர்க்காற்று கீழே வர வழியில்லாமல் போகலாம். பனி படியாத வகை ஃப்ரிட்ஜ்களில் அந்தப் பனியை உருக்கவென்றே உள்ளே ஒரு சிறு ஹீட்டர் உண்டு. அதைப் போட்டு அணைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் ஒரே பெட்டிக்குள் ஒன்று சூடாக்க, இன்னொன்று குளிர்விக்க, இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள புது ஃப்ரிட்ஜ் மெதுவான வேகத்தில் எந்நேரமும் ஓடும், அது அதன் குணம். அதற்குச் சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிளக்கில் செருகுகிற வாட் மீட்டரை ஒரு முழு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏ.சி.யில் கேஸ் கசிந்திருந்தாலும் இதே கதைதான்; அறை சொன்ன குளிருக்கு வராது, கம்ப்ரசரும் நிற்காது. குளிர் நாடுகளில், வெளியே உள்ள சூட்டை வீட்டுக்குள் இறைக்கும் ஹீட் பம்ப் வைத்த வீடுகளில், பம்ப் பழுதானது தெரியாமலே துணை ஹீட்டர் கம்பிகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். வீடு கதகதப்பாகவே இருக்கும், பில் மட்டும் மூன்று மடங்கு. பவர் கட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் மறக்க வேண்டாம். வயதான லெட் ஆசிட் பேட்டரி எவ்வளவு ஏற்றினாலும் நிறையாது. சார்ஜர் விடாமல் கரண்ட்டை ஊட்டிக்கொண்டே இருக்கும், அதெல்லாம் சூடாகத்தான் போகும். பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது, அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் கேட்கிறது என்றால் அதுதான் அறிகுறி.

எர்த்தில் கரண்ட் கசிகிறது என்று எலக்ட்ரீஷியன்கள் முதலில் சொல்வது வழக்கம். நடக்கக்கூடியதுதான். 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் மண்ணுக்குப் போனால் 230 வாட். மாதத்துக்கு 165 யூனிட். ஆனால் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற கசிவுத் தடுப்பு பிரேக்கர் வீட்டில் வேலை செய்கிற நிலையில் இருந்தால், அதைத் தாண்டாமல் கசியக்கூடியது அதிகம் போனால் 7 வாட். மாதம் ஐந்து யூனிட். பில் இரட்டிப்பானதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அந்தப் பிரேக்கர் இல்லாத வீட்டில்தான் இந்தச் சந்தேகத்துக்கு மதிப்பு. அங்கேயும் பில் இரண்டாம் பட்சம். குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது, வாஷிங் மெஷின் உடம்பில் கை வைத்தால் சிலிர்க்கிறது என்றால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

வீணாகப் பழி சுமப்பவர்களும் உண்டு. பிளக்கிலேயே மாட்டியிருக்கும் போன் சார்ஜரைக் கழற்றச் சொல்லிக் குழந்தைகளைத் திட்டுகிறோம். இன்றைய சார்ஜர் சும்மா இருக்கும்போது பத்தில் சில பங்கு வாட்தான் இழுக்கும். ஒரு காலத்தில் நிலைமை வேறு. அணைத்த டி.வி.யும் வி.சி.ஆரும் பல வாட் தின்றுகொண்டிருந்த நாளில்தான், 1999இல் சர்வதேச எரிசக்தி முகமை, எந்தப் பொருளும் சும்மா இருக்கையில் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற யோசனையை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுப் பொருள்களுக்கு அதை அரை வாட்டாகக் குறைத்துவிட்டது. செட்டாப் பாக்ஸ், ரூட்டர், பழைய ஆம்ப்ளிஃபயர் போன்றவை இன்னும் பத்து வாட் சுற்றி இழுக்கலாம். அதுவும் மாதம் ஏழு யூனிட். திடீர் உயர்வுக்கு அது காரணமாகாது. போன வருடமும் அவை அங்கேதானே இருந்தன.

இந்த இடத்தில்தான் பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிற பெட்டிகள் வருகின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர். பவர் ஃபேக்டரை, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பதை, அது கொஞ்சம் சரிசெய்யலாம். ஆனால் வீட்டு மீட்டர் எழுதுவது கிலோவாட் மணியை. அதை இந்தப் பெட்டி குறைக்காது. இதே பவர் ஃபேக்டர், வயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்களையும் ஏமாற்றும். ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வருவது வாட் அல்ல. எல்.இ.டி. பல்புகளிலும் மோட்டார்களிலும் உண்மையான வாட் அதில் பாதிக்குக்கூட இறங்கியிருக்கலாம்.

இத்தனையும் பார்த்து, எதிலும் அகப்படாமல் போனால்தான் மீட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். முடியாத காரியம் அல்ல. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், டிம்மர் வைத்த எல்.இ.டி. விளக்குகள் போன்ற முரட்டுச் சுமைகளோடு ஒன்பது மின்னணு மீட்டர்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து மீட்டர்கள் உள்ளதைவிட மிக அதிகமாகக் காட்டின, உச்சமாக ஒன்று 582 சதவீதம் கூடுதலாக. இரண்டு மீட்டர்கள் குறைத்தும் காட்டின. ஆய்வகத்தில் வேண்டுமென்றே வைத்த சுமை அது. சாதாரண வீட்டில் அப்படி ஒரு நிலைமை அமைவது அரிது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 அல்லது 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும், தெர்மோஸ்டாட் நடுவில் அணைத்துவிடாதபடி பார்த்துக்கொண்டு, அரை மணி நேரம் ஓட்டிச் சிமிட்டல்களை எண்ணுங்கள். 3200 மீட்டரில் 1000 வாட்டுக்கு அரை மணியில் 1600 சிமிட்டல் வர வேண்டும். அத்தனையும் உட்கார்ந்து எண்ண வேண்டாம், பத்துச் சிமிட்டலுக்கு 11 விநாடி ஆகிறதா என்று அவ்வப்போது பார்த்தாலே போதும். ஹீட்டர் இழுக்கும் வாட், வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வர வேண்டிய இடத்தில் 210 வந்தால் 1000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 834 வாட்தான் இழுக்கும். எனவே பத்து, பதினைந்து சதவீதம் முன்பின் இருந்தால் அதை வைத்து மீட்டரைக் குறை சொல்ல முடியாது. விளக்கு இரண்டு மடங்கு வேகத்தில் துடித்தால் கதை வேறு. அப்போது மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். அதே லைனில் இன்னொரு மீட்டரை மாட்டிச் சில நாள் ஓடவிட்டு இரண்டு ரீடிங்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் நாமும் காலையும் இரவும் இரண்டு மீட்டரையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.